முழங்காலுக்கு ஒரு மாத்திரை

தமிழ் படித்தவர்க்கு மாத்திரை என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று மருந்துக் கடையில் கிடைப்பது. மற்றொன்று எழுத்திலக்கணத்தில் வருவது. இயல்பாக ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம், அல்லது கைநொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும், 'கல்' 'கால்' ஆகிவிடும் என்று எடுத்துக்காட்டும் தருவோம். ஒலிக்கு உரிய காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு உரிமையில்லை என்பதே பாடத்தின் சாரம்.

அதே பாடத்தை நம் வலது முழங்கால் நமக்கு நடத்தியது. அறுவை செய்த காலை எப்போது நீட்டுவது, எவ்வளவு மடக்குவது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பவற்றைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. காலுக்கென்று ஒரு கருத்து இருப்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றியும், காத்திருப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றியும் சில சொற்கள்.

நாம் குடியிருப்பது திண்டிவனத்தில். பணி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று செல்லும் பயணிகள் ரயிலில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, கல்லூரி மைதானத்தில் ஆசிரியர்கள் கூடிப் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, பின்னால் விழுந்த பந்தை எடுக்கத் திரும்பினோம். உடல் திரும்பிற்று, ஊன்றிய கால் திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்றோர் ஒலி. யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. சிறிது நேரத்தில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

இதை ஊரார் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பார்கள். மருத்துவர்கள் ஏசிஎல் என்பார்கள். தொடை எலும்பையும் கணுக்கால் நோக்கி இறங்கும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து, மூட்டுக்குள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்காகச் செல்லும் இரு தசைநார்களில் முன்னது அது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காப்பதும், திரும்பும்போது மூட்டு நிலைகுலையாமல் பார்ப்பதும் அதன் வேலை. முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாகச் செம்மையாக ஒட்டுவதில்லை. எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்பதுமில்லை. பயிற்சியாலேயே சமாளிப்பவர்கள் உண்டு. நமக்குச் சமதரையில் நடக்கும்போதே கால் நழுவிற்று. ஆகவே அறுவை என்று முடிவாயிற்று.

முதல் பாடம் அறுவைக்கு முன்பே தொடங்கிவிட்டது. மறுவாரமே செய்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். மருத்துவர் ஏறக்குறைய ஆறு வாரம் தள்ளிவைத்தார். வீங்கி விறைத்த மூட்டில் கத்தி வைத்தால் அந்த விறைப்பு பின்னரும் தங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. வீக்கம் வடிந்து கால் நேராக நீளட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். 'தாமதம்' என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். அது தாமதமன்று, சிகிச்சையின் பகுதி என்று புரிய நமக்கும் சில மாதங்கள் ஆயின.

அறுவை முடிந்து வீடு வந்த அன்று, நம் தாயார் செய்த முதல் காரியம் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்து முழங்காலுக்கு அடியில் வைத்தது. இதமாக இருந்தது. சற்றே மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவதால் வலியும் குறையும். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், மிக இளம்பெண், அதைக் கண்டதும் தலையணையை உருவி எடுத்தார். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையால் மெல்லக் கீழிறங்கியது. வலித்தது.

"சார், மடக்குறது பின்னால வந்துடும். நீட்டுறது இப்ப வரலன்னா அப்புறம் வர்றது கஷ்டம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை அறிந்திராத வீடுகள்தாம் நம்மிடம் மிகுதி. காலை மடக்க முடியவில்லையே என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறோம்; முழுதாக நீளவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஐந்து பாகை நீளாமல் நின்றாலும் நடையில் நொண்டல் தங்கும். தொடையின் முன்தசை தன் முழு வலுவைப் பெறாது. முழங்காலின் முன்புறம் நாள்பட்ட வலி வரும். சிலருக்கு மூட்டின் முன்புறத்தில் தழும்புத் திசு உருண்டையாக வளர்ந்து, கதவிடுக்கில் மாட்டிய துணிபோல நீட்டலைத் தடுக்கும். 1990இல் ஜாக்சன், ஷேஃபர் என்னும் இரு மருத்துவர்கள் அதற்குக் கிரேக்கத் தொன்மத்தின் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளாப்ஸ் பெயரைச் சூட்டினார்கள். உள்நோக்கிக் கருவியில் பார்த்தால் ஒரு கண்போலத் தெரியுமாம். மருத்துவர்களுள்ளும் இலக்கிய அன்பர்கள் உண்டு.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. முதல் இரண்டு வாரங்களில் கால் முழுதாக நீள வேண்டும். மடக்கல் 90 பாகையை எட்ட வேண்டும். ஆறாவது வார வாக்கில் 120 பாகை. மூன்று மாத வாக்கில் மற்றக் காலுக்கு ஏறக்குறைய நிகராக வர வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டையும் சேர்த்துத் தைத்திருந்தால் கணக்கு மாறும். நான்கு முதல் ஆறு வாரம் வரை 90 பாகைக்குமேல் மடக்கக்கூடாது என்று தடை இருக்கக்கூடும். ஆகவே ஒருவர் கணக்கை மற்றவர் எடுத்துக்கொள்வது பிழை. தம் அறுவையில் என்ன செய்யப்பட்டது என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

ஆனால் நம் ஊர்களில் ஒருவர் காலை மற்றவர் காலோடு ஒப்பிடாமல் நலம் விசாரிக்கவே தெரியாது. நான்காம் வாரத்தில் உறவினர் ஒருவர் பழங்களோடு வந்தார். கட்டிலில் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்துவிட்டு, "இன்னுமா மடங்கல மாப்ள? எங்க ஊர்ல ஒருத்தர் ஒரே மாசத்துல கீழ உக்காந்து சாப்ட்டாரே" என்றார். அந்த ஒருவருக்கு என்ன அறுவை என்று கேட்டோம். "அதெல்லாம் தெரியாது, கால்ல ஏதோ" என்றார். அடுத்த நாள் வந்த இன்னொருவர் இதற்கு நேர்மாறு. "ஆறு மாசத்துக்கு அசையவே கூடாது, படுத்தே கிடங்க" என்று கண்டித்துச் சென்றார். இருவரும் அன்பினால் சொன்னவர்களே. இருவர் சொல்லையும் கேட்டிருந்தால் கால் கெட்டிருக்கும்.

'அசையவே கூடாது' என்பதும் ஒரு காலத்தில் மருத்துவமாகத்தான் இருந்தது. 1970களிலும் 80களின் முற்பகுதியிலும் இவ்வறுவைக்குப் பின் பல வாரங்கள் மாவுக்கட்டுப் போட்டு வைப்பார்கள். நார் பத்திரமாக இருக்கும், மூட்டு விறைத்துவிடும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் ஒன்றைக் கவனித்தார். தாம் விதித்த கட்டுப்பாடுகளை மீறி, சொன்னதற்கு முன்பே காலை அசைத்த நோயாளிகளுக்கு மூட்டு நன்றாக இருந்தது. சொன்ன சொல் தவறாமல் அசையாதிருந்தவர்களுக்கே விறைப்பும் வலியும் மிகுந்தன. நோயாளிகளின் கீழ்ப்படியாமையைப் பாடமாக எடுத்துக்கொண்டு அவரும் நிட்ஸ் என்பவரும் 1990இல் விரைவு மறுவாழ்வுப் பயிற்சி முறையை வெளியிட்டார்கள். முதல் நாளிலிருந்தே நீட்டல், சீக்கிரமே மடக்கல், சீக்கிரமே காலூன்றல் என்பது அதன்பின் உலகெங்கும் பரவிற்று. தம் தவற்றை நோயாளியிடமிருந்து கற்ற மருத்துவரை நமக்குப் பிடித்திருக்கிறது. மாணவரிடமிருந்து கற்கும் ஆசிரியர்கள் இதைவிட அரியர்.

அப்படியானால் விரைவே நன்று என்று கொள்ளலாமா? அங்கேதான் உடல் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. அறுந்த நாருக்குப் பதிலாக நம் தொடையின் பின்புறத்திலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்று அது வலுவான கயிறு. ஆனால் இரத்த ஓட்டத்திலிருந்து அறுத்தெடுத்த திசு ஆதலால், அதன் பழைய உயிரணுக்கள் மடிகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. புதிய அணுக்கள் குடியேறி அதை மெல்ல வேறொன்றாக நெய்கின்றன. இந்த மாற்றத்தின் நடுவில், ஏறக்குறைய ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, அந்த நார் தொடக்கத்தில் இருந்ததைவிட வலுக்குன்றி இருக்கிறது. முழுதாக முதிர ஓராண்டுக்குமேல், இரண்டாண்டு வரைகூட ஆகும்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஆறாம் வாரத்தில் தையல் ஆறிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. ஊன்றுகோல் மூலையில் சாத்தப்பட்டுவிட்டது. வலி பெரிதும் குறைந்துவிட்டது. 'நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது' என்று மனம் துள்ளும் நாளும், உள்ளே நார் மிக மெலிந்திருக்கும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. வலி இங்கே பொய்ச்சாட்சி. தொடக்கத்தில் தேவையில்லாமல் அச்சுறுத்துகிறது. பின்னர் தேவையான இடத்தில் மௌனம் காக்கிறது. நமக்கு இது தெரியாமல் ஏழாவது வாரத்தில் ஓடி ரயில் ஏறப் பார்த்தோம். திண்டிவனம் நிலையத்தில் உடன் வந்த நண்பர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அந்த ரயில் போயிற்று, கால் மிஞ்சிற்று.

ஆகவே வேகம் என்பது ஒற்றைச் சொல் அன்று. நீட்டலில் விரைவு வேண்டும். மடக்கலில் நிதானமான முன்னேற்றம் வேண்டும். ஓட்டத்திலும் திடீர்த் திருப்பத்திலும் நீண்ட பொறுமை வேண்டும். ஒரே காலுக்கு மூன்று வேறு காலங்கள். குறில், நெடில், மெய் என்று எழுத்துக்கு வைத்த கணக்குப் போன்றதுதான் இதுவும். மூன்றையும் ஒரே அளவில் ஒலித்தால் சொல் கெடும். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவர் மூன்றை அளந்தறிய வேண்டும் என்கிறது: நோயுற்றவரை, நோயை, காலத்தை. காலத்தையும் ஓர் அளவாகச் சேர்த்ததன் அருமை பல ஆண்டுகள் பாடம் நடத்தியும் நமக்குத் தெரிந்ததில்லை.

அன்றாட அளவுகோலாக இயன்முறை மருத்துவர் நமக்குச் சொன்னது மிக எளியது: மறுநாள் காலையைப் பாருங்கள். பயிற்சியின்போது இழுப்பும் சற்று வலியும் இருக்கலாம். அது இரவுக்குள் அடங்கி, காலையில் முழங்கால் நேற்றிருந்த பருமனிலேயே இருந்தால் அளவு சரி. காலையில் வீக்கம் கூடியிருந்தால், மடங்கும் கோணம் நேற்றைவிடக் குறைந்திருந்தால், நேற்று மிகை செய்துவிட்டோம் என்று பொருள். ஒரு நாள் குறைத்துச் செய்ய வேண்டும்; நிறுத்திவிடக் கூடாது. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ பயிற்சிக் கணக்கையெல்லாம் மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் குதிகாலை வைத்து மெல்ல உடலை நோக்கி இழுப்பது நம் பயிற்சி. வழுவழுப்பான மொசைக் தரை உதவிற்று. பள்ளிப் பிள்ளைகளின் வடிவியல் பெட்டியில் இருக்கும் கோணமானியின் பெரிய அண்ணன் போன்ற கருவியால் அவர் அளப்பார். இரண்டாம் வாரம் 85. மூன்றாம் வாரம் 95. ஐந்தாம் வாரம் 105. பிறகு பத்து நாள் 105 என்னும் எண்ணைத் தாண்டவேயில்லை. அந்தப் பத்து நாளில் நாம் பட்ட பாட்டை விரிக்க வேண்டாம். எண்ணெய் போட்டு நீவி, ஓர் ஆள் மேலே அமர்ந்து அமுக்கினால் மடங்கிவிடும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. வலிந்து மடக்கினால் உள்ளே இரத்தம் கசிந்து, வீக்கம் கூடி, அதுவே புதிய தழும்பாகி விறைப்பை மிகுவிக்கும். பல வாரங்கள் கடந்தும் 90 பாகையைத் தாண்டாத கால்களை மயக்கம் கொடுத்து மருத்துவரே மடக்குவது உண்டு; அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, திண்ணையில் முடிவாவது அன்று. பதினோராம் நாள் 110 காட்டிற்று. ஏன் நின்றது, ஏன் நகர்ந்தது என்று கேட்டோம். "சார், அது அப்படித்தான் போகும். படி மாதிரி. நேர்க்கோடு மாதிரி போகாது" என்றார் அவர்.

இங்கே நம் வாழ்க்கை முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். படியேற, நாற்காலியிலிருந்து எழ, 90 முதல் 105 வரை. இதோடு மேலைநாட்டார் ஒருவருக்கு அன்றாடம் பெரும்பாலும் கழிந்துவிடும். நமக்கு அப்படியன்று. பந்தியில் சம்மணமிட வேண்டும். கழிவறையில் குந்த வேண்டும். நாற்று நடுபவருக்கும், கரும்பு வெட்டுபவருக்கும், அம்மியில் அரைப்பவருக்கும், தரையில் அமர்ந்து பூக்கட்டுபவருக்கும் முழங்கால் இறுதி எல்லை வரை மடங்கியாக வேண்டும். '120 வந்துவிட்டது, நன்று' என்று ஒரு தாளில் எழுதித் தரும்போது, அந்தத் தாளைப் பெறுபவர் நாற்காலியில் வாழ்பவரா, தரையில் வாழ்பவரா என்று யாராவது கேட்க வேண்டும். நமக்கு வீட்டில் மேலைநாட்டுக் கழிவறை இருந்தது. ஏழாம் மாதத்தில்தான் சம்மணமிட முடிந்தது. அதுவரை யாதொரு குறையும் நேரவில்லை. எல்லோர் வீடும் நம் வீடு அன்று.

இதை நமக்கு உணர்த்தியவர் நம் மாணவர் ஒருவர். மயிலம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர்; மூன்றாமாண்டு மாணவர்; கபடியில் ரைடு போகிறவர். பாய்ந்து சென்று சட்டென்று நின்று திரும்புவதும், திரும்பும் கணத்தில் எதிரணியினர் கணுக்காலைப் பிடிப்பதும் கபடியின் இயல்பு. இந்த நாருக்கு அதைவிடப் பகை வேறில்லை. ஓர் ஊர்ப் போட்டியில் அவருக்கு நார் அறுந்தது. 2024 ஜூலையில் ஓர் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி, செம்மையாக அறுவை நடந்தது. நாமும் அதே அறுவை செய்துகொண்டவர் என்பதால் எதற்கெடுத்தாலும் நம்மிடம் வருவார். நாமும் முந்தைய ஆண்டின் அனுபவத்தைக் குறிப்பேட்டோடு அவருக்கு ஒப்புவிப்போம்.

வாரம் மூன்று நாள் இயன்முறைச் சிகிச்சைக்குத் திண்டிவனம் வரச் சொல்லியிருந்தார்கள். ஊன்றுகோலோடு ஊரிலிருந்து சாலை வரை நடை, அங்கிருந்து பேருந்து. துணைக்குத் தாய் வருவார். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பதால் தாய்க்குப் பயணச்சீட்டு இல்லை; மகனுக்கு உண்டு. அதுகூடப் பெரிதன்று. தாய் வந்தால் அன்றைய கூலி போயிற்று. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் ஆயிற்று. பிறகு இரு வாரத்துக்கு ஒரு நாள். நமக்குப் படிக்கட்டுபோல ஏறிய கோணம் அவருக்கு ஏறவில்லை. எட்டாம் வாரத்தில் கால் 10 பாகை நீளாமலே நின்றது. நடையில் நொண்டல். நமக்குத் தெரிந்த அந்த இளம் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வீட்டில் செய்ய வேண்டியவற்றைத் தாய்க்கே செய்து காட்டிப் பயிற்றுவித்தார். மாதக் கணக்கில் அந்தத் தாய் காலையும் மாலையும் மகன் குதிகாலின் அடியில் சேலையைச் சுருட்டி வைத்தார். கால் நீண்டது. மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பார்ப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறது. அந்த நான்காமவருக்குக் கூலி யார் கொடுப்பது என்று உரைகளில் தேடிப் பார்த்தோம், கண்டதில்லை.

அடுத்த சிக்கல் பொங்கலோடு வந்தது. 2025 சனவரிக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. ஊர் ஊருக்குக் கபடிப் போட்டி. அதற்குப் பிந்திய மாதம் ஒரு நிறுவன அணிக்கான தேர்வு. தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. "ஐயா, கால் நல்லா இருக்கு. வலியே இல்ல. போகட்டுமா?" என்று கேட்டார்.

நாம் வேண்டாம் என்றோம். நம்மிடம் காரணங்கள் இருந்தன. நார்வேயின் ஹெகெ கிரிண்டெமும் உடன் ஆய்வாளர்களும் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு இது: திடீர்த் திருப்பங்கள் உள்ள ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் முழங்கால் காயமுறும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தொடைத்தசையின் வலு மற்றக் காலுக்கு 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் வர வேண்டும் என்பதும் நிபந்தனை. கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தை எடுத்துக்காட்டினோம். 2022 டிசம்பர் 30இல் கார் விபத்து. அடுத்த மாதம் மும்பையில் முழங்கால் தசைநார் அறுவை. 2024 மார்ச்சில்தான் ஐபிஎல் களத்துக்குத் திரும்பினார். ஏறத்தாழ பதினைந்து மாதம். "அவரே அத்தனை காலம் பொறுத்தார், உனக்கென்ன அவசரம்?" என்று கேட்டோம்.

அவர் பொறுத்தார். பொங்கல் போட்டிகளில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினார். தேர்வுக்குப் போகவில்லை. ஒன்பது மாதத்துக்குப் பின் எல்லாச் சோதனைகளிலும் தேறினார். இன்று கால் செம்மையாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார். மற்ற நாள்களில் திண்டிவனத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறார். அந்தத் தேர்வு மீண்டும் வரவில்லை.

நாம் சொன்னது தவறா? மருத்துவக் கணக்கில் தவறில்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வோம். ஆனால் ரிஷப் பந்தை எடுத்துக்காட்டியதற்காக இன்று வெட்கப்படுகிறோம். அவருக்குப் பின்னே ஒரு வாரியம் இருந்தது, மருத்துவக் குழு இருந்தது, ஊதியம் இருந்தது. நமக்குப் பின்னே மருத்துவ விடுப்பு இருந்தது. காலை நீட்டிக் கிடந்த மாதங்களிலும் சம்பளம் வந்தது. பொறுமை என்று நாம் பெருமை பேசுவதில் பாதி அந்தச் சம்பளம். நம் துறையிலேயே தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் காலில் வேறோர் அறுவை செய்துகொண்டு மூன்றாம் வாரமே வகுப்பில் வந்து நின்றார். அவருக்கு உடலைப் பற்றி நம்மைவிடக் குறைவாகத் தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. விடுப்பு இல்லை, அவ்வளவுதான்.

எனவே நாம் சொல்ல வந்தது இதுதான். நாரின் வேகத்தை நாம் மாற்ற இயலாது. அது பொங்கலுக்கும் காத்திராது, தேர்வுக்கும் இணங்காது. மாற்றக்கூடியது அதற்குரிய காலத்தை நோயாளிக்குக் கொடுப்பதோர் ஏற்பாடு. அறுவையை ஒரு நாள் நிகழ்ச்சியாகவும், பின்வரும் ஒன்பது மாதத்தை அவரவர் பாடாகவும் நினைக்கும் வழக்கம் போக வேண்டும். அறுவையில் பாதி கத்தி. மறுபாதி இந்தப் பயிற்சி. பாதியை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் முழுமையாகாது.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோதே, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் என்னும் கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. படுத்த முதியவருக்கு வரும் அந்தக் கை, மயிலத்துச் சிற்றூரில் கால் நீட்டிக் கிடக்கும் இருபது வயது இளைஞருக்கும், முதல் எட்டு வாரமாவது, தவறாமல் வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நம் இரு ஊர்களுக்கும் இடையில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வழிகாட்ட அறிவுக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, எந்த வாரம் எத்தனை பாகை, எதைச் செய்யலாகாது, எப்போது ஓடிவர வேண்டும் என்பவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காதீர்கள் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். விளையாட்டுத் தேர்வு நடத்துவோர், அறுவைச் சான்று காட்டுபவருக்கு அடுத்த ஆண்டில் ஒரு வாய்ப்பை ஒதுக்கி வைக்கலாம். தேர்வைத் தள்ளிவைக்க முடியும். நாரைத் தள்ளிவைக்க முடியாது.

சில மாதங்களுக்கு முன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அந்தத் தாயைக் கண்டோம். நம் காலை விசாரித்தார். மகன் காலும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, குறையாகவும் அன்றி நன்றியாகவும் அன்றி, "ஐயா சொன்னீங்கன்னுதான் அவனை நிறுத்தி வச்சோம்" என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். நாம் இரு காலையும் சமமாக ஊன்றி அங்கேயே சிறிது நேரம் நின்றிருந்தோம்.